தன்னுரிமை வாழ்வும் குடும்பத்தின் துணையும்

முன்னுரை

பிறந்த குழந்தையை ஊட்டியும் உடுத்தியும் தூக்கிச் சுமந்தும் வளர்க்கும் பெற்றோர், அக்குழந்தை வளர வளரத் தம் கையைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்கின்றனர். நடைவண்டியைப் பிடித்து நின்ற பிள்ளை தானே நடக்கிறது. பள்ளிக்குத் தனியே செல்கிறது. பின்னொரு நாள் தன் வாழ்வைத் தானே நடத்தத் தொடங்குகிறது. இஃது எவரும் கற்பிக்காமலே ஒவ்வோர் இல்லத்திலும் நிகழ்வது. ஆயின், பதினான்கு அல்லது இருபது வயதில் ஒரு மகன் கழுத்துக்குக் கீழ் உடல் முழுவதும் செயலிழந்து, மீண்டும் பெற்றோர் கைக்கே வந்து சேரும்பொழுது அவ்வில்லம் திகைத்துப்போகிறது. மீண்டும் ஊட்டவும் உடுத்தவும் புரட்டிப் படுக்கவைக்கவும் வேண்டியுள்ளது. அவனோ குழந்தையல்லன், அறிவும் விருப்பும் நாணமும் சினமும் உடைய இளைஞன். முதன்முறை தானாக விலகிய கை, இரண்டாம் முறை எவ்வாறு விலகும்? விலகத்தான் வேண்டுமா? விலகினால் அவன் வீழ்ந்துவிடமாட்டானா?

இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விபத்துகள் பெருகியுள்ள இக்காலத்தில் இந்நிலை எந்த இல்லத்துக்கும் வரக்கூடும். ஆதலின், இதனைப் பிறர் துன்பமாக மட்டும் கருதாது, நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வாழ்வியல் செய்தியாகவே கொண்டு நோக்குவோம்.

உடலில் நிகழ்வது யாது?

மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்வுகளை மூளைக்கும் கொண்டுசெல்லும் பெருவழி தண்டுவடம். கழுத்துப் பகுதியில் ஏழு எலும்புகளும் எட்டு இணை நரம்புகளும் உள்ளன. இப்பகுதியில் தண்டுவடம் நசுங்கினாலோ அறுபட்டாலோ கைகளும் கால்களும் ஒருங்கே செயலிழக்கின்றன. சாலை விபத்து, மரத்திலிருந்து விழுதல், ஆழமில்லா நீரில் தலைகீழாகப் பாய்தல் ஆகியன இதற்குப் பெரிதும் காரணமாகின்றன.

காயம் எவ்விடத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே எஞ்சும் ஆற்றல் அமைகிறது. கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் நரம்புகள் மூச்சுக்குரிய உதரவிதானத்தை இயக்குகின்றன. அவற்றுக்கும் மேலே காயம் நேரின் மூச்சுவிடவே கருவி வேண்டும். ஐந்தாம் நரம்பு வரை காக்கப்பட்டவர் தோளை அசைத்து முழங்கையை மடக்கலாம். ஆறாம் நரம்பும் எஞ்சியவர் மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்த வல்லவர்; அவ்வாறு உயர்த்தும்பொழுது விரல்கள் தாமாகவே மடங்குவதால், பயிற்சியின் துணையோடு ஒரு கரண்டியையோ தாளையோ பற்ற இயலும். ஏழாம் நரம்பும் பிழைத்திருப்பின் முழங்கையை நீட்டலாம். அதன் வலிமையால் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பலர் தாமே மாறிக்கொள்வர். ஒரு நரம்பின் வேறுபாடே ஒருவர் வாழ்வில் பெருவேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆதலின் ஒருவருக்கு இயன்றது மற்றவருக்கும் இயலும் என எதிர்பார்ப்பதும், ஒருவருக்கு இயலாதது எவருக்கும் இயலாது என முடிவு கட்டுவதும் பிழையாகும்.

அசைவின்மை மட்டுமே இங்குத் துன்பமன்று. தொடுவுணர்வு இல்லாமையால் உடல் நெடுநேரம் ஒரே பக்கம் அழுந்திப் படுக்கைப்புண் உண்டாகும். அதன் வலியை நோயாளி உணரமாட்டார். படுக்கையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுதலும், நாற்காலியில் இருக்கும்பொழுது அரைமணிக்குள் ஒருமுறையேனும் உடலைச் சாய்த்து எடையை மாற்றுதலும் இதற்குரிய காப்பு. சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் குன்றும். சிறுநீர்ப் பாதையில் கிருமி சேராமல் தூய்மை பேண வேண்டும். வியர்வை சரியாகச் சுரவாமையால் கோடை வெப்பத்தை உடல் தாங்காது. இவற்றினும் முதன்மையாக அறியத்தக்கது ஒன்றுண்டு. திடீரெனக் கடுந்தலைவலியும் முகச்சிவப்பும் வியர்வையும் தோன்றின், குருதியழுத்தம் பேரளவில் உயர்ந்திருத்தல் கூடும். சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதோ குழாய் மடங்கியிருப்பதோ இதற்குக் காரணமாகலாம். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, அடைப்பை நீக்கி, காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றைக் குடும்பத்தார் கற்பது இன்றியமையாதது. ஆயினும் அவர்களினும் முதலில் கற்க வேண்டியவர் அவ்விளைஞரே. தம் உடலின் காவலர் தாமே என அவர் உணர்ந்து, எப்பொழுது எதனை எவ்வாறு செய்ய வேண்டும் எனப் பிறருக்குச் சொல்லத் தெரிந்துகொள்ளும் நாளே அவருடைய தன்னுரிமை வாழ்வின் முதல் நாள் எனலாம்.

தன்னுரிமை என்பது எது?

தன் வேலையைத் தானே செய்துகொள்வதே பிறரைச் சாராத வாழ்வு என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தைச் சற்றே ஆராய்வோம். கை ஓரளவே இயங்கும் இளைஞர் ஒருவர் யாருடைய உதவியுமின்றித் தாமே உடையணிய இரண்டு மணி நேரம் முயன்று, களைத்து, அன்றைய வகுப்புக்குச் செல்லாது படுத்துவிடுகிறார் எனக் கொள்வோம். மற்றொருவர் உதவியாளரைக் கொண்டு கால்மணி நேரத்தில் உடையணிந்து கல்லூரிக்குச் சென்று பாடம் கேட்டு வருகிறார் எனக் கொள்வோம். இவ்விருவருள் தன்னுரிமையோடு வாழ்பவர் யாவர்? பின்னவரே என்பதில் ஐயமில்லை. எந்த உடையை அணிவது, எப்பொழுது புறப்படுவது, எங்குச் செல்வது என்பவற்றை முடிவு செய்தவர் அவர். கை மட்டுமே பிறருடையது.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் பொறியின்மை எவர்க்கும் பழியாகாது என்றும், அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழி என்றும் வள்ளுவர் கூறுவதை நாம் அறிவோம். பொறி என்பதற்குப் பரிமேலழகர் ஊழ் எனப் பொருள் கொண்டார். இக்கால உரையாளர் சிலர் உடலுறுப்பு எனக் கொள்வர். எவ்வுரையைக் கொள்ளினும், முயற்சியைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட ஆள்வினை என்னும் சொல்லில் ஆளுதல் என்னும் பொருளும் நம் செவிக்கு ஒலிக்கிறது. கையால் செய்வது மட்டும் முயற்சியன்று. தன் வாழ்வைத் தான் ஆள்வதும் முயற்சியே. நாம் ஈண்டுத் தன்னுரிமை வாழ்வு எனக் குறிப்பது இதனையே.

இக்கருத்து ஏட்டிலிருந்து பிறந்ததன்று. ஓர் இளைஞரும் அவர் அன்னையும் பட்ட பாட்டிலிருந்து இது பெரிதும் உருப்பெற்றது. அவர்தம் வரலாற்றைச் சிறிது விரிவாகக் காண்போம்.

எட் ராபர்ட்ஸும் அவர் அன்னையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1939ஆம் ஆண்டு பிறந்தவர் எட்வர்டு ராபர்ட்ஸ். நால்வர் ஆண்மக்களுள் மூத்தவர். விளையாட்டில் பெருவிருப்புடைய அச்சிறுவரை, 1953ஆம் ஆண்டு, தம் பதினான்காம் வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. அந்நோய்க்குச் சால்க் கண்டறிந்த தடுப்பு மருந்து பயன்பாட்டுக்கு வந்தது 1955இல். இரண்டாண்டு முன்னரே இவர் நோய்வாய்ப்பட்டார். கழுத்துக்குக் கீழ் இரு விரல்களும் சில கால்விரல்களும் தவிர யாவும் அசைவிழந்தன. தண்டுவடக் காயம் போலன்றி இந்நோயில் தொடுவுணர்வு மாறாதிருக்கும். அசைவை இயக்கும் நரம்பணுக்களே அழியும். மூச்சுத் தசைகளும் தளர்ந்தமையால், இரும்பு நுரையீரல் எனப்படும் பெரிய உருளைக் கருவிக்குள் அவர் கிடக்க நேர்ந்தது. பின்னர், தொண்டையாலும் நாவாலும் காற்றை விழுங்கி உள்ளே செலுத்தும் தவளை மூச்சு என்னும் முறையைக் கற்றுப் பகலில் சில மணி நேரம் வெளியே இருக்கப் பழகினார்.

இவர் பிழைப்பினும் செடிகொடி போன்ற வாழ்வே எஞ்சும் என மருத்துவர் ஒருவர் தாயிடம் கூறியது அச்சிறுவரின் செவியிலும் விழுந்தது. அவர் உணவை மறுத்தார், உடல் எலும்புக்கூடாயிற்று. ஊட்டுவதற்கென அமர்த்தப்பட்டிருந்த செவிலியர் விலகிச் சென்ற பின்னரே, உண்பதா ஒழிவதா என்னும் முடிவு தம் கையில் இருப்பதை உணர்ந்து அவர் உண்ணத் தொடங்கினார். பிறர் வற்புறுத்தியபொழுது மறுத்த உணவை, முடிவு தமதான பொழுது அவரே ஏற்றார். இந்நிகழ்ச்சியில் குடும்பங்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று பொதிந்துள்ளது. உண்ண மறுக்கும் மகனிடம் பெரும்பாலும் பேசுவது பசியின்மையன்று. தன் வாழ்வில் தனக்கென எதுவும் எஞ்சவில்லை என்னும் துயரமே.

வீட்டுக்குத் திரும்பிய மகன் தொலைபேசி வழியாகப் பள்ளிப் பாடங்களைக் கேட்டார். வெளியே சென்றால் மக்கள் உற்று நோக்குவரே என்னும் அச்சம் அவரை வீட்டுக்குள் நிறுத்தியது. அன்னை ஸோனா ராபர்ட்ஸ் அம்மையார் அதற்கு இசையவில்லை. வாரத்தில் சிறிது நேரமேனும் பள்ளிக்குச் சென்றாக வேண்டும் என வற்புறுத்தினார். சென்றபொழுது எல்லோரும் நோக்கத்தான் செய்தனர். அந்நோக்கு தம்மைக் காயப்படுத்தவில்லை என்பதை மகன் கண்டார். புகழ்பெற்ற நடிகரையும் மக்கள் இவ்வாறுதானே நோக்குகின்றனர் என எண்ணிக்கொண்டாராம். அன்பு எப்பொழுதும் அணைத்துக்கொள்வது மட்டுமன்று. சிலபொழுது வாசற்படிக்கு வெளியே அனுப்பிவைப்பதும் அன்பே என்பதை அவ்வன்னை அறிந்திருந்தார்.

பள்ளிப் படிப்பு முடியும் வேளையில் மற்றொரு தடை எழுந்தது. உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்காமையால் பட்டயம் தர இயலாது எனப் பள்ளியினர் கூறினர். கழுத்துக்குக் கீழ் அசைவற்றவரிடம் விதியின் எழுத்தைக் காட்டி நின்ற அதிகாரிகளை எதிர்த்து, ஸோனா அம்மையார் கல்விக் குழு வரை சென்று வாதாடினார், பட்டயமும் கிட்டியது. தமக்காக ஒருவர் எழுந்து நின்று வாதாடியதைக் கண்டிருந்த மகன், பின்னாளில் தமக்காகவும் தம் போன்றோர்க்காகவும் வாதாடக் கற்றார்.

உள்ளூர்க் கல்லூரியில் பயின்றபின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பினார். படிப்புச் செலவுக்கு உதவ வேண்டிய மாநில மறுவாழ்வுத் துறை, இவர் எந்த வேலைக்கும் ஏற்றவராக இயலாதவர் எனக் கூறி முதலில் மறுத்தது. செய்தித்தாள்களில் இது வெளிவந்து பலரும் குரல் கொடுத்த பின்னரே இசைந்தது. ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரலை எந்த விடுதி தாங்கும்? பல்கலைக்கழக மருத்துவமனையான கவல் மருத்துவமனையின் ஒரு பகுதியை அவருக்கு ஒதுக்கினர். அதனை நோயாளியின் அறையாகக் கருதாது மாணவர் விடுதி அறையாகவே நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. 1962இல் அங்குக் குடியேறினார். தொடக்கத்தில் தம்பி ஒருவரும் உதவியாளர்களுள் ஒருவராக இருந்தார். நாளடைவில் உதவியாளர்களைத் தாமே தேர்ந்தெடுத்து, தாமே பயிற்றி, ஒத்துவராதவரைத் தாமே நீக்கவும் கற்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு மாணவர்களும் அங்கு வந்து சேர்ந்தனர். உதவியாளருக்குச் சம்பளம் எவ்வாறு தருவது, பழுதான சக்கர நாற்காலியை யார் செப்பனிடுவது, எந்தக் கட்டடத்தில் எவ்வழியே நுழைவது என அவர்கள் தம்முள் கலந்து கற்றனர்.

ஈண்டு ஒரு சிறு செய்தி குறிப்பிடத்தக்கது. ராபர்ட்ஸால் மின்விசைச் சக்கர நாற்காலியை இயக்க இயலாது என்றே முன்னர்க் கருதப்பட்டது. யாரேனும் தள்ளிச் சென்றனர். மனத்துக்கு இனிய பெண் ஒருவரோடு பேசச் செல்லும்பொழுதும் உதவியாளர் பின்னால் நிற்க வேண்டியிருந்தது அவரை வருத்தியது. அதன்பின், தம்மிடம் எஞ்சியிருந்த விரல் அசைவுக்கு ஏற்ப இயக்குப்பிடியை அமைத்துக்கொண்டு, தாமே நாற்காலியைச் செலுத்தக் கற்றார். மருத்துவ அறிவுரை செய்யாததை ஓர் இளைஞரின் இயல்பான நாணம் செய்து முடித்தது. தனிமை என்பது நலிந்தோர்க்குத் தேவையற்ற ஆடம்பரம் எனக் கருதும் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் அரசியல் அறிவியலில் 1964இல் இளங்கலைப் பட்டமும் 1966இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1972இல் பெர்க்கிலியில் தன்னுரிமை வாழ்வு மையம் தோன்றியது. மாற்றுத்திறனாளிகளால் மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தப்பட்ட அம்மையத்தின் வளர்ச்சியில் அவர் முன்னின்றார். 1970களின் நடுவில், எந்த மறுவாழ்வுத் துறை அவரை வேலைக்குத் தகுதியற்றவர் என ஒதுக்கியதோ, அதே துறைக்கு மாநில ஆளுநர் அவரை இயக்குநராக அமர்த்தினார். திருமணம் செய்து ஒரு மகனுக்குத் தந்தையுமானார். 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் மறையும்வரை பல நாடுகளுக்கும் சென்று இக்கருத்தைப் பரப்பினார். அன்னை ஸோனா அம்மையாரும் நடுவயதில் அதே பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அம்மையத்தில் பணியாற்றினார். மகன் தன்னுரிமை பெற்றபொழுது அன்னைக்கும் தம் வாழ்வு திரும்பக் கிடைத்தது என்பதே இதில் நாம் போற்றத்தக்க செய்தி.

நம் மண்ணில் இரு சான்றுகள்

பொருள்வளம் மிக்க நாட்டில் இயன்றது நம் நாட்டில் இயலுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஆய்க்குடி அதற்கு விடை கூறுகிறது. பொறியியல் மாணவராயிருந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் பங்கேற்றபொழுது விழுந்து, தண்டுவடம் காயமுற்றுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். இராணுவ மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சை பெற்று ஊர் திரும்பிய அவர், உலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட 1981இல், தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கம் என்னும் அமைப்பை ஆய்க்குடியில் தொடங்கினார். சிறு பள்ளியாகத் தோன்றிய அது, மறுவாழ்வுப் பயிற்சியும் கல்வியும் வழங்கும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கையால் ஒரு செங்கல்லையும் எடுத்துவைக்க இயலாத ஒருவர், தம் சிந்தையாலும் சொல்லாலும் ஊரையே கட்டியெழுப்பிய வரலாறு அது.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸ் அம்மையாரும் நினைவுகூரத் தக்கவர். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக வழிவகுத்தார். தண்டுவடக் காயமுற்றோர் குடும்பத்தோடு தங்கிப் பயிலும் இத்தகைய நிலையங்களை அணுகுவது, வீட்டில் தட்டுத்தடுமாறிக் கற்பதினும் பன்மடங்கு நன்று.

குடும்பம் ஆற்ற வேண்டியவை

மேற்கண்ட வரலாறுகளிலிருந்து குடும்பங்கள் மேற்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, கேட்டபின் செய்தல். தண்ணீர் வேண்டுமா எனக் கேளாமலே வாயில் வைப்பதும், விருந்தினர் அவரைப் பற்றி வினவும்பொழுது தாயே விடையளிப்பதும் அன்பின் மிகுதியால் நிகழ்பவை. ஆயினும் நாள்தோறும் இவ்வாறு நிகழின், கை கால்களோடு நாவும் முடங்கிப்போகும். வினா அவரை நோக்கி வந்தால் விடையும் அவரிடமிருந்தே வரட்டும். அதற்குச் சற்றே காத்திருத்தல் குடும்பத்தின் கடமை.

இரண்டாவது, சிறு முடிவுகளிலிருந்து பெரு முடிவுகளுக்கு ஏறிச் செல்லுதல். எழும் நேரம், உடுக்கும் உடை, உண்ணும் உணவு ஆகியவற்றைத் தொடக்கத்தில் அவரிடம் விட்டுவிடலாம். பின்னர் மருத்துவரிடம் அவரே பேசலாம். தம் பணத்துக்கு அவரே கணக்கு வைக்கலாம். உடல் செயலிழந்தமையால் எவருடைய சட்டவுரிமையும் குறைவதில்லை. சொத்து வைத்திருக்கவும் பணத்தை ஆளவும் மற்றவரோடு ஒத்த உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உறுதி செய்கிறது. கையொப்பமிட இயலாமை கருத்தில்லாமை ஆகாது.

மூன்றாவது, வீட்டைத் திருத்தியமைத்தல். சக்கர நாற்காலி நுழைய ஏறத்தாழ மூன்றடி அகல வாசலும், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் அளவில் சாய்தளமும் அமைப்பது நன்று. இடம் போதாவிடின், யார் துணையுமின்றி ஏற இயலாவிடினும் ஒருவர் எளிதில் தள்ளிச் செல்லுமாறேனும் அமைக்கலாம். வாயில் பற்றிய குச்சியால் பக்கம் புரட்டுவது தொன்றுதொட்டு உள்ள முறை. குரலால் இயங்கும் கைப்பேசியும் கணினியும் இன்று அதனினும் பெருந்துணையாக உள்ளன. தாமே ஒருவரை அழைத்துப் பேசவும், எழுதவும், படிக்கவும் அவை வழி திறக்கின்றன.

நான்காவது, இடர்ப்பாட்டுக்கு இடமளித்தல். மகன் வெளியே சென்றால் வண்டி கவிழுமோ, உதவியாளர் ஏமாற்றுவாரோ, உடல் நலிவுறுமோ எனப் பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயின் நடக்கக் கற்ற குழந்தை விழாமல் கற்றதில்லை. உயிருக்குக் கேடு தரும் இடரையும், சிறு தொல்லையோடு பாடம் தரும் இடரையும் பகுத்துணர்ந்து, முன்னதைத் தடுத்துப் பின்னதற்கு இசைவது அறிவுடைமை.

ஐந்தாவது, சுமையைப் பகிர்தல். நம் இல்லங்களில் இப்பணி பெரும்பாலும் தாயின் தோளிலேயே வீழ்கிறது. இரவில் பலமுறை எழுந்து, வளர்ந்த மகனைத் தூக்கிப் புரட்டி, முதுகு நோக உழைக்கும் அவர், தாம் நோயுற்றாலும் வெளிக்காட்டுவதில்லை. தந்தையும் உடன்பிறந்தோரும் உறவினரும் முறைவைத்துப் பகிர்தல் வேண்டும். தாயல்லாத ஒருவரிடம் உதவி பெறப் பழகுவது மகனுக்கும் பயிற்சியாகும்.

பெற்றோரின் பெருவினா

இத்தகைய பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வோர் இல்லத்திலும் சொல்லாமலே ஒலிக்கும் வினா ஒன்றுண்டு. எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்? நள்ளிரவில் தாயை உறங்கவிடாத வினா இது. இவ்வினாவுக்கு அஞ்சியே பலர் மகனை இன்னும் இறுக அணைத்துக்கொள்கின்றனர். எல்லாவற்றையும் தாமே செய்கின்றனர். ஆயின் அவ்வணைப்பே அவ்வினாவை மேலும் கடுமையாக்குகிறது என்பதை நாம் உணர வேண்டும். தாய் ஒருவருக்கே தெரிந்த முறையில், தாய் ஒருவராலே மட்டும் பேணப்பட்ட மகன், அத்தாய் இல்லாத நாளில் செய்வதறியாது நிற்பான். தன் உடலின் தேவைகளை நன்கறிந்து, முன்பின் அறியாத ஒருவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து வேலை வாங்கத் தெரிந்த மகனோ, எவ்விடத்தும் பிழைத்துக்கொள்வான்.

ஆதலின் கையை விலக்குவது கைவிடுவது ஆகாது. பெற்றோர் உயிரோடும் வலிமையோடும் இருக்கும் காலத்திலேயே மகன் வேற்றாள் துணையோடு ஒரு நாள், பின் ஒரு வாரம், பின் ஒரு திங்கள் வாழ்ந்து பழகுதல் வேண்டும். தவறினால் திருத்த அவர்கள் அருகில் இருப்பர். அவர்கள் மறைந்தபின் தொடங்கும் பயிற்சிக்கு அத்தகைய பாதுகாப்பு இராது. மகனுக்கு விட்டுச்செல்லத்தக்க செல்வங்களுள் இப்பயிற்சி தலையாயது.

கல்லூரியும் ஊரும்

குடும்பம் எவ்வளவு முயன்றாலும் வாசலுக்கு வெளியே ஊர் அவர்களை வரவேற்க வேண்டும். எங்கும் படிக்கட்டே இருப்பின் சக்கர நாற்காலி எங்குச் செல்லும்? ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் பத்தொன்பதாம் பிரிவு, எங்கு யாரோடு வாழ்வது எனத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. இந்தியா அதனை 2007இல் ஏற்றது. மேற்கூறிய 2016ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும், அரசுப் பணிகளில் நான்கு விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும், வரையறுத்த அளவு குறைபாடுடையோர்க்கு ஒதுக்குகிறது. மிகுந்த துணை தேவைப்படுவோர் அதற்கென அரசிடம் விண்ணப்பிக்கவும் அச்சட்டம் வழிசெய்கிறது.

ஆயினும் சட்டம் இடத்தைத் தரும்; இருக்கையை அணுகும் வழியை நாமே அமைக்க வேண்டும். மாடியில் நிகழும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஓர் ஆசிரியர் மனம் வைத்தாலே போதும். தேர்வில் சொல்வதை எழுதித் தரவும், நூலகத்தில் நூலை எடுத்துத் தரவும் மாணவத் தோழர்கள் முன்வரலாம். ஊர்ப் பெரியோர் திருமண மன்றங்கள், வழிபாட்டு இடங்கள், நூலகங்கள் ஆகியவற்றின் வாயிலில் சாய்தளம் அமைக்க ஏற்பாடு செய்யலாம். ஊர்க் கூட்டங்களில் அவ்விளைஞரையும் அழைத்துக் கருத்துக் கேட்கலாம். இரக்கத்தோடு தரும் நூறு ரூபாயினும், ஒருவர் கருத்தைக் கேட்டு அதன்படி செய்வது அவரைப் பெரிதும் உயர்த்தும்.

முடிவுரை

உடலின் செயலிழப்பை மருத்துவம் இன்று முற்றிலும் நீக்க வல்லதாயில்லை. வாழ்வின் செயலிழப்பைத் தடுக்கக் குடும்பமும் கல்விக்கூடமும் ஊரும் வல்லன. பிறர் கையைப் பயன்கொள்வதில் இழிவு இல்லை. அரசரும் அறிஞரும் பிறர் கைகளைக் கொண்டே பெருஞ்செயல்களை முடித்தனர். அக்கைகளை இயக்கும் கருத்து தமதாக இருத்தலே வேண்டுவது. அக்கருத்தைக் கேட்கும் பொறுமை, அதற்குப் பணியும் பண்பு, உரிய காலத்தில் விலகி நிற்கும் துணிவு ஆகிய மூன்றும் குடும்பத்திடம் அமையின், படுக்கையில் கிடக்கும் இளைஞரும் தம் வாழ்வைத் தாமே நடத்துவார். நம் தெருவில், நம் உறவில், நம் வகுப்பில் அத்தகைய இளைஞர் ஒருவர் இருப்பின், அவருக்கு என்ன வேண்டும் என அவரையே கேட்பதிலிருந்து நம் கடமையைத் தொடங்குவோமாக.